கம்லா புகுத்தியது

ஃபிஜித் தீவில், ரக்கிரக்கி மேட்டில் பிள்ளைகள் இந்தியில் பேசி, இந்தியிலேயே சண்டை போட்டார்கள். ஆனாலும் 'புகுத்துறது' என்ற தமிழ்ச் சொல் மட்டும் எல்லா வீட்டிலும் உயிரோடு இருந்தது. கோயில் கூட்டத்தில் யாராவது எதையாவது மாற்றிச் செய்யலாம் என்று வாயைத் திறந்தால் போதும், "புதுசா ஒண்ணும் புகுத்தாதே" என்று பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள்.

ஊர்மிளா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கூட்டம் எதுவானாலும் கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தச் சொல்லை அவள் வெகுநாளாகக் கவனித்து வந்தாள். டிராக்டர் வந்தபோது 'வந்துச்சு' என்றார்கள். ராணுவம் ஆட்சியைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக்கூடாது என்றபோதும் 'சட்டம் வந்துச்சு' என்றுதான் சொன்னார்கள். தங்களுக்குள்ளேயே ஒருவர், அதுவும் பலமில்லாதவர், ஒன்றைச் சொன்னால்தான் அது புகுத்துவதாகிவிடும்.

அப்படி ஒன்றைச் சொன்னவள் பக்கத்து வீட்டுக் கம்லா.

ஆட்சி மாறிய மறுவருஷம் அவள் புருஷன் ராஜன் ஆக்லாந்துக்குத் தச்சு வேலைக்குப் போய்விட்டான். குடியேறக் காகிதம் கிடைத்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்றான். கம்லாவிடம் மிஞ்சியது எட்டு ஏக்கர் கரும்பு. ஊரார் சேர்ந்து கரும்பு வெட்டும் கேங்குக்கு வீட்டுக்கு ஒரு வெட்டாள் கொடுத்தால்தான் அந்த வீட்டுக் கரும்புக்கு முறை வரும். ஆள் இல்லாத வீட்டுக்குக் கடைசி முறை. அதற்குள் மழை பிடித்து மில் நின்றுவிட்டால் கரும்பு வயலிலேயே நிற்கும். கூலிக்கு வெட்ட ஆள் தேடினால், வெட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் விமானம் ஏறியிருந்தார்கள்.

கேங் கூட்டத்தில் கம்லா எழுந்து நின்றாள். "மாமா, கத்தி பிடிக்க எனக்கு வராது. கேங்குக்கு நான் வயல்லயே சமைச்சுப் போடறேன். அதை என் வீட்டு ஆளா வச்சுக்குங்க."

ஊர்மிளாவின் புருஷன் சுரேந்திரா சிரித்துவிட்டான். "ஏன் அண்ணி, உன் சோறு வந்து கரும்பு வெட்டுமா?"

"சோறு வெட்டாது தம்பி. சோத்துக்காக நீ மேடேறிப் போய்த் தின்னுட்டு, படுத்து எழுந்து வர்றியே, அந்த நேரம் வெட்டும்."

எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லோரும் சர்தார் என்று கூப்பிடும் கேங் தலைவர் பாலசுப்பிரமணி மட்டும் சிரிக்கவில்லை. "எங்கப்பா காலத்துலயும் அவனவன் வீட்லதான் தின்னான். புதுசு புகுத்தாதே, கம்லா."

"ஒரே ஒரு நாள் பாருங்க மாமா."

"சரி, ஒரு நாள். ஒருத்தன் அரைவயித்தோட எழுந்தாலும் உன் கரும்பு கடைசிதான்."

குறித்த நாளன்று ஊர்மிளா பழக்கத்தில் இருட்டோடு எழுந்துவிட்டாள். வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். அந்த நேரத்துக்கு மேடு முழுக்கப் பதினோரு வீட்டு அடுப்பும் புகையும். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அறுவடைக் காலத்தில் புகையாத காலை கிடையாது. இன்று எந்தக் கூரையிலும் புகை இல்லை. கீழே வயலோரத்தில் ஒரே ஒரு புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. மற்ற வீட்டுப் பெண்கள் இன்னும் தூங்குகிறார்கள் என்று நினைத்ததும் அவளுக்குக் கை மயிர் சிலிர்த்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது. கீழே ஓடினாள்.

கம்லா கோயில் அண்டாவை இரவல் வாங்கி வந்திருந்தாள். தீமிதிக்குக் காப்புக் கட்டிய இரண்டு பேருக்குத் தனிப் பானை, தனிக் கரண்டி. பல்வலிக்காரச் சர்தாருக்குப் பூசணிக்காய் போட்ட பருப்பு குழைய வெந்துகொண்டிருந்தது. யாரையும் கேட்டு அவள் செய்ததாகத் தெரியவில்லை.

"எப்படிக்கா இதெல்லாம் தெரியும்?"

"நீ கதவோரம் உக்காந்து பாக்கற மாதிரிதான். அரிசியைக் கிளறு, அடி பிடிக்குது."

சாப்பாட்டு நேரத்தில் சர்தாரின் இடுப்பில், வீட்டில் முந்தின ராத்திரியே சுட்டு வைத்த ஒரு ரொட்டிப் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது.

"அது என்ன சர்தார்?" என்றான் சுரேந்திரா.

"மைனாக் குருவிக்குப் போட" என்று சொல்லிவிட்டு அவர் தட்டை நீட்டினார். மூன்று முறை நீட்டினார்.

வழக்கமாகப் பொழுது சாயும்போது நிறையும் இரண்டாவது லாரி, அன்று மூன்று மணிக்கே நிறைந்து கிளம்பியது. சர்தார் கை கழுவிக்கொண்டே, "நாளைக்கும் அந்தப் பூசணிக்காயைப் போடு" என்றார். அவ்வளவுதான். நான்காவது முறையில் கம்லாவின் கரும்பு மில்லுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் மழை வந்தது.

இரண்டு வருஷம் கழித்துக் கம்லாவும் ஆக்லாந்து போய்ச் சேர்ந்தாள். வயல் சமையலை வீட்டுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டார்கள்; அண்டா வீடு வீடாக மாறி வந்தது. ஊர்மிளா வீட்டு முறையன்று அடுத்த கேங்குக்காரர் ஒருவர் வந்து பார்த்து, "நல்லாருக்கே, இதை யார் புகுத்தினது?" என்று கேட்டார்.

"புகுத்தறதாவது! எங்க கேங்குல எப்பவுமே இப்படித்தான்" என்றார் சர்தார்.

ஊர்மிளாவின் கரண்டி நின்றது. ஆண்கள் இருக்கும் இடத்தில் அவள் அதுவரை வாய் திறந்ததில்லை.

"எப்பவுமே இல்ல மாமா. கம்லாக்கா புகுத்தினது."

சர்தார் அவளையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "அவதான் புகுத்தினா." பிறகு தட்டை நீட்டினார்.