சித்தமானால்

என் கணவர் நாளையைப் பற்றி எதைச் சொன்னாலும், 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்று சேர்க்காமல் சொல்ல மாட்டார். எங்களவர்கள் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிற வார்த்தை அது. இந்த மனிதர் கத்தரிக்காய் வாங்கப் போவதற்கும் அதைச் சொல்வார். மைசூரில் எங்கள் தமிழ்ச் சபை வாலிபர்கள் அவருக்கு வைத்த பெயர் சித்தப்பா. நாளைக் காலை வரச் சொன்ன ஆட்டோக்காரர் ஒருவர் பொறுமை இழந்து, "பர்பேகா, பேட்வா? கரெக்டாகி ஹேளி சார்" என்று கேட்டார். வரணுமா வேண்டாமா என்று சரியாகச் சொல்லச் சொன்ன அந்த ஆட்டோக்காரர் கட்சிதான் நானும். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். எட்டு மணி மாத்திரை என்றால் எட்டு மணிக்குக் கொடுத்தாக வேண்டும்.

அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் முற்றிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் கட்டிலில் படுக்கவைத்தபோது, "கர்த்தருக்குச் சித்தமானா கிறிஸ்துமஸ் வரைக்கும் இருப்பேன்" என்றார். எனக்கு வந்ததே கோபம்.

"ஒரு தடவையாவது அந்த வார்த்தை இல்லாம பேசுங்க. இருப்பேன்னு மட்டும் சொல்லுங்க."

"சரி" என்றார். இருப்பேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அந்த வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை. முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. "நாளைக்கு பால்காரர் வரமாட்டார்" என்றார் ஒருநாள். வரவில்லை. பால்காரரின் மாமனார் தவறிவிட்டாராம். "எதிர்வீட்டம்மா நாளைக்கு வந்துடுவாங்க" என்றார் இன்னொரு நாள். அந்த அம்மா பத்து நாள் இருந்துவிட்டு வருவதாக என்னிடம் சொல்லி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் எதிர் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மகளோடு ஏதோ மனஸ்தாபம்.

வலி மருந்து உள்ளே போனால் நோயாளிகள் எதையாவது சொல்வார்கள், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இவர் உளறவில்லை. ரயில் நேரத்தை வாசிப்பது போல நிதானமாகச் சொன்னார். அவர் 'நாளைக்கு' என்று ஆரம்பித்தாலே எனக்குப் பயம்தான். உடனே பேச்சை மாற்றுவேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "வியாழக்கிழமை காலையில நான் போயிடுவேன்" என்றார்.

கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டேன். "கர்த்தருக்குச் சித்தமானால்னு சொல்லுங்க."

"நீதானே வேண்டாம்னே."

"இப்ப வேணும். சொல்லுங்க."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இதுல 'ஆனா' போட ஒண்ணுமில்ல."

அதனால் நானே சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை. "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று உரக்கச் சொன்னேன். அதில் பணிவு கொஞ்சமும் இல்லை. ஆண்டவருக்கே நான் போட்ட முட்டுக்கட்டை அது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லிட்டியா" என்றார், வருத்தமாக.

வியாழன் விடிந்ததிலிருந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு மேல் நாடி இளைத்து இளைத்து, என் விரலுக்கடியில் இல்லாமலே போனது. நான் விடாமல் அந்த வார்த்தையையே சொல்லிக்கொண்டிருந்தேன். நாடி திரும்பி வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அறையில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரோ நின்றுவிட்டு, ஒரு அடி பின்னால் எடுத்து வைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மத்தியானம் பெங்களூரில் இருக்கும் மகளுக்கு போன் செய்து, "அப்பா நல்லாத்தான் இருக்கார்" என்றேன். "நிஜமாம்மா?" என்று கேட்டாள். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

வெள்ளிக்கிழமை அந்த வலி வந்தது. டாக்டர் போனில் சொன்னபடி மருந்தைக் கூட்டியும் அடங்கவில்லை. அழுது நான் பார்த்தேயிராத மனிதர் வாய்விட்டு அழுதார். சனிக்கிழமை காலையில் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"விட்டுடு, மா. நீதான் பிடிச்சு வெச்சிருக்கே."

சித்தம் சித்தம் என்று நான் சொன்னதெல்லாம் என் சித்தத்தைத்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜன்னல் வழியாக வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. அவர் மணிக்கட்டை விடாமலே, மூட்டுவலியோடு முழங்கால் போட்டேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. "ஆண்டவரே, நான் கையை எடுத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லி, அவர் மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்தேன். முனகல் நின்றது. நான் எழுந்து பார்த்தபோது அவர் போயிருந்தார்.

அடக்கத்துக்கு அப்புறம் போதகரிடம் கேட்டேன், அந்த இரண்டு நாள் வலியை அவருக்கு நான்தான் கொடுத்தேனா என்று. "அப்படியெல்லாம் இல்லம்மா" என்றார், அவர் வேறென்ன சொல்வார். தினமும் ஜெபம் செய்கிறேன். ஆண்டவரிடம் மட்டும் அதை இன்னும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று பயமாக இருக்கிறது.