தனியே வந்த சைக்கிள்

பெற்றோல் இல்லாத அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் எல்லோருமே சைக்கிள் ஓடினோம். விறகு, வெங்காயம், நோயாளி, மணப்பெண், சவப்பெட்டி என்று அதில் ஏறாதது எதுவுமில்லை. ஆனால் சும்மா ஓடியவர் எவரும் இல்லை. சங்கக்கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, செத்தவீட்டுக்கு என்று ஒவ்வொரு மிதிக்கும் ஒரு காரணம் இருந்தது. காற்று வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அவருக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை என்று முடிவுகட்டிவிடுவோம்.

எங்கள் வீட்டில் மிகக் கூடுதலாக ஓடியவர் என் கணவர். அவர் முற்றத்தைவிட்டு அசையாமல் ஓடினார். பற்றரிக்குத் தடை இருந்ததால், ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியை வேலை செய்ய வைப்பார். செய்தி மோசமாகும்போது அவர் கை தளர்ந்துவிடும். வாசிப்பவரின் குரலும் மங்கிப்போகும். அதனால் மிக மோசமான செய்திகளை எல்லாம் நாங்கள் பாதிதான் கேட்டிருக்கிறோம். நாங்கள் மனம் தளராமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் என் மகள் சும்மா ஓடுகிற பிள்ளையாக வளர்ந்தாள். அச்சுவேலியில் ரியூசன் முடிந்ததும் புத்தூருக்குத் திரும்பாமல், எதிர்ப்பக்கமாக வல்லை வெளிக்குப் போய்விட்டு வருவாள். அங்கே தோட்டங்கள் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் ஆழமில்லாத பரவைக்கடல், நடுவே தெரு. ஹெலிகொப்டர் வந்தால் ஒதுங்குவதற்கு ஒரு மரமில்லை.

"அங்கை என்னடி கிடக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அம்மா. அதுதான் நல்லாக் கிடக்கு."

ஹெலி வரும் என்று அவளிடம் சாட்டுக்குத்தான் சொன்னேன். என் பயம் வேறு. அவள் வயதுப் பிள்ளைகள் காலையில் வகுப்புக்குப் போய், பின்னேரம் இயக்கத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்று செய்தி வருகிற காலம் அது. செய்தி என்று வேறு எதுவும் வராது. கூடப் படிக்கிற பிள்ளை ஒருத்தி, போனவளுடைய சைக்கிளையும் புத்தகப் பையையும் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவாள். அவ்வளவுதான். உயிரைக் கொடுக்கப் போகிற பிள்ளைக்கும் சைக்கிளைத் தொலைக்க மனம் வராது. தம்பி தங்கச்சிக்கு வேண்டுமே. அப்படிப் பொறுப்பாகத்தான் நாங்கள் எங்கள் பிள்ளைகளை வளர்த்திருந்தோம். எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டு விறாந்தையில் அப்படி வந்த சைக்கிள் ஒன்று நின்றது. அதில் யாரும் ஏறவில்லை.

ஆகவே நானும் கூடப் போவது என்று தீர்மானித்தேன். என் பழைய பொம்பிளைச் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்த சேலையோடேயே அவளுக்குப் பின்னால் போனேன். கண்காணிக்கத்தான்.

"அம்மா, நீங்கள் பின்னாலை வாறது சென்றிப் பொயின்ற் சைக்கிள் சில்லுப் பூட்டி வாற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

"தெருவைப் பாத்து ஓடு."

தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசிய மாதங்கள். போகும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளியது; மிதிக்கவே தேவையில்லை. திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்து மறித்தது. வல்லை வெளியில் உவர்ச் சேற்றின் மணம். நாரைகள் ஒற்றைக் காலில் நின்று எங்களைக் கவனிக்காமல் இருந்தன. எங்களை யாரும் கவனிக்காமல் இருப்பது அந்த நாட்களில் எவ்வளவு பெரிய சுகம் என்பதை இப்போது விளங்கப்படுத்துவது கடினம். ஒருநாள் அவள் இரண்டு கைகளையும் விட்டு ஓடினாள். நான் பெருங்குரலில் பேசினேன். இன்னொருநாள் அவள் முன்னால் போன சமயம் பார்த்து நானும் ஒரு கையை விட்டுப் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் நிலைமை மாறிவிட்டது. "இண்டைக்கு ஏலாது அம்மா, நாளைக்குச் சோதினை" என்று அவள் சொல்ல, "ஒரு சின்னச் சுத்துத்தானே, படிச்ச தலைக்கும் காத்துப் பட வேணும்" என்று நான் சொன்னேன். கைதியைவிடக் காவல்காரிதான் வெளியே போக அவசரப்பட்டாள். பயமும் கொஞ்சம் அயர்ந்திருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது. அன்று எனக்குத் திருத்த வேண்டிய பரீட்சைத்தாள்கள் இருந்தன, நான் போகவில்லை. பொழுது சாயும் நேரம். என் கணவர் முற்றத்தில் பெடல் சுற்றிக்கொண்டிருந்தார். வாசல் படலையில் மணிச்சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மகளோடு படிக்கிற பிள்ளை, மகளின் சைக்கிளிலிருந்து இறங்கினாள். கரியரில் மகளின் பை.

"ரீச்சர், அவ இதைக் குடுத்து விட்டவ."

"அவ எங்கை?"

"தெரியேல்லை ரீச்சர், தோட்டப் பக்கமாப் போனவ. எங்கடை வீட்டிலை தேடுவினம், நான் போறன்."

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் போய்விட்டாள். வானொலியின் குரல் மங்கி நின்றது.

நான் ஓடினேன். கல்யாணமான பிறகு நான் தெருவில் ஓடியது அதுவே முதல் தடவை. சைக்கிள் பக்கத்திலேயே நின்றது, ஏறி மிதித்திருக்கலாம். அதைத் தொட எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் ஓடும்போது ஏன் என்று விசாரிக்க நின்றவர்கள் எல்லாம் முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் நாங்கள், ஓடத் தெரிந்தவர்கள். அதிலும் பள்ளிக்கூட ரீச்சர் செருப்பில்லாமல் ஓடினால்? கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, "ரீச்சர், ஹெலியோ?" என்று கேட்டாள். நான் நிற்காமல் ஓடினேன். அவள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள். "பிள்ளையள், பங்கருக்கை இறங்குங்கோ!" வெங்காயத் தோட்டத்தில் நின்றவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். "வெளிக்கிட்டிட்டாங்களாம்!" என்று ஒருவர் கத்தினார். யார், எங்கிருந்து என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒரு கிழவர் ஆட்டோடு பங்கருக்குள் இறங்கினார்.

வாழைத்தோட்டங்களுக்கு நடுவே போகும் செம்மண் பாதை திரும்புகிற இடத்தில் என் மகள் வந்துகொண்டிருந்தாள். அவளும் ஓடி வந்தாள். செருப்புக் கையில், பின்னல் அவிழ்ந்து, முகம் சிவந்து, சிரித்துக்கொண்டு. என்னையும் எனக்குப் பின்னால் கலைந்து ஓடும் சனத்தையும் கண்டதும் சிரிப்பு நின்றது. ஒரு கேள்வி கேட்காமல் திரும்பி, வந்த வழியே பறந்தாள். நல்ல வளர்ப்பு.

"நில்லடி! ஒண்டுமில்லை, நில்லடி!"

வாய்க்கால் வரம்பில் அவளைப் பிடித்தேன். பிடித்த கையை என்னால் எடுக்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"நீ ஏன் ஓடினனி?"

"நீங்கள் ஓடினபடியாத்தான்."

"அதுக்கு முதல்!"

"சும்மா." கூடப் படிக்கிற பிள்ளையின் ரயர் வெடித்துவிட்டதாம். அவளுடைய வீடு எங்கள் வீட்டையும் தாண்டித் தூரம் என்பதால், எங்கள் வீடு வரைக்குமாவது ஓடிப் போய் விட்டுவிட்டுப் போகட்டும் என்று தன் சைக்கிளைக் கொடுத்தாளாம். தோட்டத்தால் நடந்து வந்தபோது பாதை வெறுமையாக இருந்ததாம். ஓடிப் பார்த்தாளாம். "நல்லா இருந்தது அம்மா, காது ரெண்டுக்குள்ளையும் காத்து."

"பையை ஏன் குடுத்து விட்டனி?"

"பையைத் தூக்கிக்கொண்டு எப்பிடி ஓடுறது?"

நான் வரம்பில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"நான் இயக்கத்துக்குப் போட்டன் எண்டு நினைச்சனீங்களோ?"

அவள் பக்கத்தில் குந்தி, என் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"அப்பிடிப் போறதெண்டால் உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் போவன் அம்மா."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அன்றிலிருந்து அவள் எதையாவது சொல்ல வாயெடுக்கும் ஒவ்வொரு தடவையும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். "அம்மா, ஒண்டு சொல்லவோ?" என்பாள், தேங்காயெண்ணெய் முடிந்துவிட்டது என்பதாக இருக்கும். அவள் சொல்லிவிட்டுப் போகவேண்டிய அந்த விஷயத்தை ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும், அவள் பிள்ளைகளுக்குத் தாயான பிறகும், தொலைபேசியில் அப்படித் தொடங்கினால் நான் கதிரையைப் பிடித்துக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது சனம் பங்கர்களிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. தலையில் சவர்க்கார நுரையோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரி, "ரீச்சர், இனி ஓடுறதெண்டால் ஏனெண்டு சொல்லிப்போட்டு ஓடுங்கோ" என்றாள். ஆடு மட்டும் மேலே வர மறுத்துவிட்டது. அதற்கு உள்ளே பிடித்திருந்தது போலும்.

அடுத்த நாள் பின்னேரம் மகள் வாசலில் நின்றாள். ஓடப் போகட்டுமா என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வீட்டுக்குள் இருப்பாள். வீட்டுக்குள் அடைத்து வைத்த பிள்ளைகளும் போயிருந்தார்கள்.

நான் என் சைக்கிளை எடுத்தேன்.

அவள் செம்மண் பாதையில் முன்னால் ஓடினாள். ஊர் பயந்துவிடக்கூடாது என்பதற்காக நான் மணியை அடித்துக்கொண்டே பின்னால் போனேன். மெல்ல ஓடுவாள் என்று நினைத்திருந்தேன். வாழைகள் பாதையை மறைக்கிற திருப்பங்களில் அவள் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் மணியடிப்பதை நிறுத்தி, எழுந்து நின்று மிதித்தேன்.