மன்றாட்டுப் பெட்டியில் போட்ட துண்டு

மகள் மெய்யியல் படிக்கப் போகிறாள் என்று கடுகண்ணாவை முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான்தான். என்னுடைய டிவி திருத்தும் கடைக்கு வருகிற எல்லோருக்கும், அவர்கள் கேட்காமலே. மெய்யியல் என்றால் என்னவென்று யாராவது கேட்டால், "அவ படிச்சு முடிச்சு வந்து சொல்லுவா" என்பேன்.

எங்கே படிப்பது என்ற கேள்வி வந்தபோதுதான் சிக்கல். ஒன்று, சாமியார்கள் படிப்பிக்கும் திருச்சபைக் கல்லூரி. மற்றது அரசாங்கப் பல்கலைக்கழகம். அவள் மனம் இரண்டாவதில் இருந்தது. "ஒன் இஷ்டம்மா" என்று பெரிய மனிதனாகச் சொல்லிவிட்டேன். அன்று மாலையே தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், "அப்பா, கடவுள் இருக்காருன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றாள். இன்னும் சேரவே இல்லை, அதற்குள்ளா!

"மொதல்ல தேங்காயத் துருவு" என்றேன். என்னிடமிருந்த மெய்யியல் அவ்வளவுதான்.

கண்டியில் நாங்கள் பூசைக்குப் போகும் கோயிலில், கண்ணாடிக் கூட்டில் நிற்கும் அந்தோனியார் சுருவத்துக்குப் பக்கத்தில் ஒரு மன்றாட்டுப் பெட்டி உண்டு. பெயர் போடாமல் வேண்டுதலை எழுதிப் போட்டால் ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். சபையே சேர்ந்து மன்றாடும். தனியாக வேண்டினால் போதாது, நூறு பேர் குரல் வேண்டும் என்று எனக்குப் பட்டது. என் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'மெய்யியல் படிக்கப் போகும் ஒரு பிள்ளை, விசுவாசத்தைக் கெடுக்கும் இடத்துக்குப் போகாமல் நல்ல கல்லூரியைத் தெரிவு செய்ய.'

எங்கள் கோயில் பங்கில் மெய்யியல் படிக்கப் போகும் பிள்ளை ஒன்றே ஒன்றுதான். அதை ஊரறியச் செய்தவன் நான். இது எனக்குப் பெட்டியில் போடும்போது உறைக்கவில்லை.

அந்த ஞாயிறு வழக்கமாக வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பூசை வைத்த சாமி என் மகளைக் கூப்பிட்டுத் துண்டுகளைக் கையில் கொடுத்தார்.

இரண்டு நோயாளிகள், ஒரு கல்யாணம். அடுத்தது என் துண்டு. அவள் துண்டைத் திருப்பி, மறுபக்கத்திலிருந்த கடைப் பெயரைப் பார்த்தாள். பிறகு ஒரு சொல் விடாமல், நிதானமாக வாசித்தாள். முன் வாங்கில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது சபை. நானும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் அசிங்கம்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் இருந்தாள். பேராதனை தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன். "நல்லா வாசிச்சம்மா. மைக்கும் நல்லா இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. என் பகிடிக்கு அவள் சிரிக்காதது அதுதான் முதல் தடவை.

"அங்க போக வேணாம்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கலாமேப்பா."

"பயமா இருந்துச்சு."

"எனக்குந்தான் பயமா இருக்கு. அதான் அன்னைக்கு ஒங்ககிட்ட கேட்டேன். நீங்க தேங்காயத் துருவச் சொன்னீங்க."

 கடுகண்ணாவை வரும்வரை முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் கிழமை முடியுமுன்னே பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பப் போனாள். கூப்பிடாமலே கூடப் போனேன். தபால் கந்தோரில் உறையையும் பேனையையும் என் பக்கம் தள்ளினாள்.

"அட்ரஸ நீங்களே எழுதுங்க. ஒங்க எழுத்து வாசிக்கத் தெளிவா இருக்கு."

எழுதினேன். பல்கலைக்கழகத்தின் பெயரை ஒரு எழுத்துக்கூட விடாமல், நிதானமாக.