உத்திராபதி விலை பேசிய வண்டி

உத்திராபதி தம் வாழ்நாளில் விலை பேசி வாங்க ஆசைப்பட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். அதை அவர் மூன்று தடவை பேசினார். மூன்று தடவையும் அவருக்கு மனம் ஆறவில்லை.

தேங்காய்த்திட்டில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் படகில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுப்பார். அப்பாவும் அண்ணன் தம்பிகளும் கடலுக்குப் போக, அவர் மட்டும் புதுச்சேரிக்கு நடந்துபோய், கடற்கரைக்குப் பின்தெருவில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் வண்டி கழுவச் சேர்ந்தார். கழுவினவர் ஓட்டப் பழகினார். யுத்தம் முடிந்த மறு வருஷம் துரை கப்பலில் ஒரு கறுப்பு வண்டியை வரவழைத்தபோது சாவியை உத்திராபதியிடம்தான் கொடுத்தார். ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்த வண்டி அது.

கடற்கரையோரம் இருக்கிற வண்டிகளுக்கு எமன் உப்புக்காற்று. மேலே பளபளப்பாக இருக்கும். குனிந்து அடியில் பார்த்தால் தகரம் அப்பளம்போல உதிரும். உத்திராபதி தினமும் விடியற்காலையில் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைப்பார். மழைக்காலத்துக்கு முன்னால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பழைய எஞ்சின் ஆயிலைத் தகரம் முழுக்கப் பூசுவார். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இதற்காகக் கூடுதல் சம்பளமும் கிடையாது.

துரை இறந்துபோனார். ஐம்பத்து நாலில் கொடி மாறியது. மறு வருஷம் துரையின் மனைவி மதாம் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குக் கப்பலேறுவதாக முடிவு செய்தாள். கட்டில், பீரோ, பியானோ எல்லாவற்றுக்கும் விலை சொன்னாள். வண்டிக்கு மூவாயிரத்து ஐந்நூறு.

அந்த வண்டி கிடைத்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கும் ரயிலடிக்கும் கடலூருக்கும் வாடகைக்கு ஓட்டலாம், இனி யார் வீட்டு வாசலிலும் கையைக் கட்டி நிற்க வேண்டாம் என்று உத்திராபதி கணக்குப் போட்டிருந்தார். படகில் தமக்கிருந்த பங்கைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கையில் இரண்டாயிரத்து அறுநூறு வைத்திருந்தார்.

"ஒனக்கு வெல பேசத் தெரியாது" என்றாள் அவர் மனைவி அங்கம்மாள். "கீரக்காரி சொன்னத அப்பிடியே குடுத்துட்டு வர்ற ஆளு நீ. எந்தம்பிய இட்டுகினு போ."

அவள் தம்பி சுப்பராயன் துறையில் மீன் ஏலம் எடுக்கிறவன். துள்ளுகிற வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளிப்பான். சுளித்த சுளிப்பிலேயே இரண்டு ரூபாய் இறங்கிவிடும். நல்ல மீனுக்குத்தான் அதிகமாகக் குறை சொல்வான். துறையில் எல்லாருக்கும் அது தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். அதுதான் அங்கே முறை.

"நீ வாயத் தொறக்காத மாமா. நான் பாத்துக்கறேன்" என்று போகும்போதே சொல்லிவைத்தான்.

ஆனால் வாசலில் வண்டியைப் பார்த்ததும் அவனே நின்றுவிட்டான். அன்றைக்கும் உத்திராபதி ஐந்து மணிக்கே வந்து கழுவித் துடைத்து வைத்திருந்தார். முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"இன்னா மாமா இது? வாங்க வந்தவன் நாம. பொண்ணுக்கு அலங்காரம் பண்ணி வச்சிருக்கியே."

"கை பழக்கம்டா."

மதாம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இருபது வருஷத்தில் அவளுக்குத் தமிழ் ஓரளவு வரும். சுப்பராயன் வண்டியைச் சுற்றி வந்தான். டயரை உதைத்தான். கதவைத் திறந்து சாத்திவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "பிரேக்கு செத்துப்போச்சு. கியரு முக்குது. பத்து வருஷத்து வண்டி, மதாம். எடது பக்கம் ஸ்டீயரிங்கு, இனிமே இத எவன் ஓட்டுவான்? தகரமா போட்டாகூட ரெண்டாயிரந்தான்."

மதாம் அவனை விட்டுவிட்டு உத்திராபதியைத் திரும்பிப் பார்த்தாள். "பிரேக் கெட்டதா, உத்திராபதி?"

சுப்பராயன் கண்ணாலேயே கெஞ்சினான். அங்கம்மாள் சொன்னதும், டாக்ஸியும், படகுப் பங்கும் உத்திராபதிக்கு ஞாபகம் இருந்தன. ஆனால் அந்த வண்டியைப் பற்றி மதாம் கேட்டு அவர் பொய் சொன்னதில்லை.

"பிரேக் நல்லாருக்கு மதாம். போன மாசம் நாந்தான் மாத்துனேன்."

"கியர்?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு மதாம்."

மதாம் சிரித்தாள். பழகினவர் என்பதற்காக ஐந்நூறு குறைத்து, மூவாயிரம் என்றாள். கடைசி விலை. கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் மீதி நானூறைப் புரட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். வழி நெடுக சுப்பராயன் தலையில் அடித்துக்கொண்டே வந்தான்.

நாலாம் நாள் சேதராப்பட்டுப் பக்கத்து மில்காரர் கோவிந்தசாமி வந்து சேர்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் வேலையாகத் தரையில் கையூன்றி வண்டிக்கு அடியில் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். எழுந்தபோது அவர் விரலில் துரு இல்லை, ஆயில் பிசுக்குத்தான் இருந்தது.

"நீதான் டிரைவரா? வண்டி எப்பிடிய்யா?"

சாவியை நீட்டிக்கொண்டிருந்த உத்திராபதிக்கு விலையைக் கெடுக்க அந்த ஒரு வினாடி போதும். எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் தலையையாவது சொறிந்திருக்கலாம்.

"தங்கமான வண்டி மொதலாளி" என்று வாய் சொல்லிவிட்டது.

கோவிந்தசாமி மூவாயிரத்து ஐந்நூறையும் அங்கேயே எண்ணி வைத்தார். மதாம் உத்திராபதியின் கையைப் பிடித்துக்கொண்டு, வருத்தமாக இருக்கிறது, ஆனால் கப்பல் காத்திருக்காது என்றாள். அவருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தம்மேல்தான் வந்தது. ஒன்பது வருஷம் வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து, தாமே விலையை ஏற்றி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். வீட்டுக்கு வந்து, காரணம் சொல்லாமல் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

பதினோராம் நாள் கோவிந்தசாமியே தேங்காய்த்திட்டுக்கு ஆள் அனுப்பினார். அவருடைய லாரி டிரைவருக்கு வலது பக்கம் உட்கார்ந்துதான் பழக்கம். இடது பக்கம் உட்கார்ந்ததில் ஓரம் பிடிபடாமல், மாட்டு வண்டியில் இடித்து முன் மட்கார்டை நசுக்கியிருந்தான். உத்திராபதி எடுத்து டாக்ஸியாக ஓட்டட்டும், தினவாடகை கொடுத்தால் போதும் என்று தகவல்.

சுப்பராயனுக்கு முகம் மலர்ந்தது. "இப்ப ஆட்டம் நம்ம கையில மாமா. ஒன்ன விட்டா அவருக்கு ஆளு கெடையாது. மூணு ரூவான்னு நில்லு. வேணாம்னா திரும்பி நட. அவரே கூப்புடுவாரு."

மூன்று ரூபாய், மூன்று ரூபாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் உத்திராபதி மில் வாசலுக்குப் போனார். வண்டி வெயிலில் நின்றது. நசுங்கிய இடத்தில் பெயின்ட் பெயர்ந்து, வெறும் தகரத்தில் செந்தூரம் தூவினாற்போலத் துரு பூத்திருந்தது.

"எத்தினி நாளாச்சு இது?"

"ஒரு வாரம் இருக்கும். ஏன்?"

"ஒரு வாரமா தொடைக்காம வுட்டிருக்கீங்களே மொதலாளி. கொஞ்சம் மண்ணெண்ண குடுங்க. துணி இருக்கா?"

கோவிந்தசாமி வியாபாரி. குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு, "வாடக ஆறு ரூவா" என்றார்.

"சரி" என்றார் உத்திராபதி. தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அன்றைக்கு வீட்டில் அங்கம்மாள், "ஆறா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

ஆறரை வருஷம் ஓட்டினார். பிரசவத்துக்குப் போனவர்கள், கல்யாணத்துக்குப் போனவர்கள், மாரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லாரும் அந்தக் கறுப்பு வண்டியில் போனார்கள். சவாரி இல்லாத நாளிலும் ஆறு ரூபாய் போய்ச் சேர்ந்தது. மூன்று வண்டிக்கு வாடகை கட்டிவிட்டேன், ஒரு வண்டிகூட எனக்கில்லை என்று அங்கம்மாளிடம் ஒரு தடவை சொன்னார். கோவிந்தசாமியிடம் மாத்திரம் அதைச் சொன்னதில்லை. எஞ்சினில் பிஸ்டன் ரிங் தேய்ந்தபோது, சொந்தக் காசில் மாற்றிவிட்டு அதையும் சொல்லவில்லை.

அறுபத்திரண்டு மாசியில் கோவிந்தசாமி புது வண்டி வாங்கினார். பழையதைத் தள்ளிவிட நினைத்து, முதலில் உத்திராபதியைக் கேட்டார். விலை ஆயிரத்து ஐந்நூறு.

"இந்தத் தடவ நீ பேசுனா, அக்கா இருக்கற வூட்டுப் பக்கமே நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சுப்பராயன் கூட வந்தான்.

மில் வாசலில் அவன் ஆரம்பித்தான். எஞ்சின் போயிற்று, புகை தள்ளுகிறது, அடித்தகரம் உளுத்துவிட்டது, இதை ஓட்டுவதற்குப் பதில் தள்ளிக்கொண்டே கடலூர் போகலாம் என்றான். எழுநூறுக்குமேல் தம்படி கிடையாது என்றான். கோவிந்தசாமி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கேட்டார். அப்புறம் உத்திராபதி பக்கம் திரும்பினார்.

"இவன் கெடக்கறான். நீ சொல்லுய்யா. வண்டி எப்பிடி?"

உத்திராபதி வண்டியின் முன்விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரிங் மாற்றி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பேசவில்லை.

கோவிந்தசாமியின் சிரிப்பு மெல்ல மறைந்தது. "நீயே ஒண்ணும் சொல்லலியா? அப்ப நெசமாவே முடிஞ்சுபோச்சு போல. சரி, எழுநூறே குடு. ஒங்கிட்ட போயி என்னா பேசறது."

திரும்பி வரும்போது சுப்பராயன் முன் இருக்கையில் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "கத்துக்கினியே மாமா, கத்துக்கினியே. இத்தினி வருஷமாச்சு."

"எஞ்சின் சத்தத்தக் கேளு" என்றார் உத்திராபதி.

"கேக்கறேன். நல்லாத்தான் இருக்கு."

"அத அவருகிட்ட நான் சொல்லல."

"சொல்லாததுக்குத்தான மாமா எட்நூறு ரூவா கொறஞ்சுது?"

வீடு சேர்ந்ததும் அங்கம்மாள் கற்பூரத்தோடு வாசலுக்கு வந்தாள். அவர் இறங்கி நேரே கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வண்டியைக் கழுவத் தொடங்கிவிட்டார். கற்பூரம் அணைந்தே போயிற்று.

சொந்த வண்டியை அவர் ஐந்து மாதம் ஓட்டினார். ஆடியில் மூன்று நாள் காய்ச்சலில் கண்ணை மூடும்வரை, ஸ்டாண்டில் யார் எவ்வளவுக்கு எடுத்தாய் என்று கேட்டாலும் ஆயிரத்து ஐந்நூறு என்றே சொன்னார். சுப்பராயன் பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான் சொன்னார்.