பந்தியில் தோற்ற அணிகள்

வெளியூர்க் கால்பந்து டீமை ரயிலடியில் வரவேற்று, தங்கவைத்து, சோறு போட்டு, மைதானத்தில் தோற்கவைத்து, மறுபடி ரயிலேற்றிவிடுகிற வேலைக்கு இதுவரை யாரும் உருப்படியாக ஒரு பெயர் வைக்கவில்லை. நான் அந்த வேலை பார்த்த இடத்தில் அதை 'வாலண்டியர்' என்றார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குப் பாடத்தை முக்கி முனகித் தேறிவிட்டு, காலேஜில் பி.யூ.சி. சீட்டுக்காக யார் பின்னாலாவது பை தூக்கிக்கொண்டு அலைந்த சகோதரர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு எடுத்த விதம்

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு காலேஜ். பெயர் வேண்டாம். வருஷா வருஷம் ஜூன் மாதம், வகுப்பு திறப்பதற்கு முன்னால், ஏழு வெளியூர்க் காலேஜ்களைக் கூப்பிட்டு ஒரு போட்டி நடத்துவார்கள். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சீசன் தொடங்கும் முன் புதுப் பையன்களைப் பழக்கிப் பார்ப்பதற்கு என்று நோட்டீஸில் அச்சடித்திருக்கும். மூன்று வருஷமாகக் கப் மட்டும் அந்தக் காலேஜ் பீரோவைவிட்டு நகரவில்லை.

விளையாட்டு டைரக்டர் மாணிக்கம் சாரைப் பார்க்க மார்க் ஷீட்டோடு போனேன். சீட் கிடைக்காவிட்டால் தேவகோட்டையில் மாமாவின் உரக்கடைக்குப் போய் மூட்டை அடுக்க வேண்டும் என்று அப்பா தேதியே குறித்துவிட்டார். சார் மார்க் ஷீட்டைக் கையில் வாங்கவே இல்லை. "மார்க்கை யாருடா பாக்குறா? பத்து நாள் வர்ற டீமையெல்லாம் நல்லாக் கவனி. சீட்டுக்கு நான் பொறுப்பு" என்றார். எனக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிற வியாதி உண்டு. "சார், எனக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாது" என்றேன். அவர் சிரித்தார்.

"அது நம்ம ரெஃபரிக்கே தெரியாது. நீ உபசரிப்பைக் கத்துக்கடா, ஃபுட்பால்ல அதுதான் முக்கியம்."

மூன்றாம் வருஷ மாணவர்

முதல் டீம் காலை ரயிலில் வந்தது. பதினைந்து பேர். பதினான்கு பேருக்கு மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. ஒருவருக்கு மட்டும் முன்மண்டை பாதி காலி. அவர்தான் கோல்கீப்பர். கையில் ஒரு துணிப்பை, அதிலிருந்து குழந்தைக்கு வாங்கிய கிலுகிலுப்பை ஒன்று எட்டிப் பார்த்தது.

ஒவ்வொருவர் பெயரையும் வகுப்பையும் நோட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். "நீங்க என்ன படிக்கிறீக?" என்று அவரைக் கேட்டேன். மனுஷன் ஒரு நிமிஷம் தண்டவாளத்தையே பார்த்தார். பிறகு, முன்னால் போய்க்கொண்டிருந்த கேப்டனைக் கூப்பிட்டார்.

"டேய் தம்பி, நான் என்னடா படிக்கிறேன்?"

ஆச்சி வீட்டுப் பந்தி

டீம்களுக்குத் தங்கலும் சாப்பாடும் நேமத்தான்பட்டியில், கப் கொடுத்த செட்டியார் வீட்டில். வாசலில் நுழைந்து பின்கட்டு முடிய நடந்தாலே ஒரு பாதி ஆட்டம் ஓடிய மாதிரி இருக்கும். செட்டியார் ஊரில் இருப்பது அபூர்வம். வீட்டை ஆள்வது அவர் சம்சாரம், ஆச்சி. படிக்கிற பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறோம் என்று அந்த அம்மாவுக்கு உள்ளபடியே சந்தோஷம். ஒரு மணிக்கு இலை விழுந்தால் எழுந்திருக்க மூன்று மணி ஆகிவிடும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், பருப்பு நெய், கோழிக் குழம்பு, உப்புக்கறி, வெண்டைக்காய் மண்டி, ரசம், தயிர், கவுனி அரிசி, அதற்கு மேல் பாயசம். போதும் என்று கையை விரித்தால் கைமேலேயே வைத்துவிடுவார்கள். "என்ன இப்பிடிக் கொறிக்கிறீக, ஓடியாடுற பிள்ளைகள்ல?" என்று ஆச்சி கேட்டால் எந்த கோல்கீப்பர் மறுப்பான்?

எப்படி இருக்கிறது என்று ஆச்சி என்னையும் கேட்டது. "உப்புக்கறியில உப்பு கொஞ்சம் தூக்கல் ஆச்சி" என்றேன். சமையல்காரர் என்னைப் பார்த்த பார்வை அந்தக் குழம்பைவிடக் காரம்.

சாப்பிட்டதும் எல்லாரையும் காலேஜ் வேனில் ஏற்றி, சரளை ரோட்டில் குலுக்கிக்கொண்டே மைதானத்துக்குக் கொண்டுபோவேன். நாலரைக்கு ஆட்டம். நம் காலேஜ் பையன்கள் ஹாஸ்டலில் மதியம் ஒரு டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு முயல் மாதிரி நிற்பார்கள். அது மாணிக்கம் சாரின் உத்தரவு. அன்றைக்கு ஐந்து கோல். மூன்றாவது கோல் மெதுவாக, தரையோடு தரையாக, உருண்டு போனது. கோலில் நின்ற நம் மூன்றாம் வருஷ மாணவர் அதைக் கண்ணால் வழியனுப்பிவைத்தார். ரயிலேற்றும்போது ஏன் அண்ணே பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"பந்து வந்தது தெரிஞ்சுச்சு தம்பி. குனிஞ்சா பாயசமும் வந்துரும்னுல்ல நின்னேன்."

ஒரு மாலை குறைந்தது

அந்த முதல் ஆட்டத்துக்கு முன்னால் தொடக்க விழா. தலைமை விருந்தினர் ஒரு மில் முதலாளி. இருபத்திரண்டு ஆட்டக்காரர்களுக்கும் தன் கையாலேயே மாலை போடுவேன் என்றார். போட்டார். ஒவ்வொருவரிடமும் சொந்த ஊர், அப்பா பெயர், எல்லாம் விசாரித்துப் போட்டார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால் ரெஃபரிக்கு மாலை இல்லை.

ரெஃபரி விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கார்னர் கொடி பக்கம் போய் நின்றுகொண்டார். மாணிக்கம் சார் பதறி, நம் காலேஜ் கோல்கீப்பர் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினார். ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ரெஃபரி அந்த மாலையைக் கையால்கூடத் தொடவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூக்கடைக்குப் பறந்தேன். ஆட்டம் முக்கால் மணி நேரம் தாமதம். கடைசி பத்து நிமிஷம் பந்து எது, தலை எது என்று தெரியவில்லை. ரெஃபரி சொன்னது மட்டும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஒருத்தன் கழுத்துல கெடந்ததைக் கழட்டி இன்னொருத்தனுக்குப் போட்டா அதுக்குப் பேரு மரியாதையா? புதுசு வரட்டும், விசில் பெறகு ஊதலாம்."

சவரிமுத்து சார் கேட்ட கேள்வி

வெளியூர் டீம் இரண்டு மோதினால் ஆட்டம் டாக்டர் சொன்ன நடைப்பயிற்சி மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் ஆச்சி வீட்டுச் சோறு. அப்படி இரண்டு ஆட்டம் நடந்தே ஜெயித்து, தெற்கே இருந்து வந்த, கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்துகிற ஒரு காலேஜ் டீம் ஃபைனலுக்கு வந்துவிட்டது. அதன் கோச் சவரிமுத்து சார், ஒல்லியான மனிதர். எதையும் எண்ணிப் பார்த்துத்தான் பேசுவார்.

ஃபைனல் அன்று காலை பத்து மணிக்கு என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். உள்ளே கோழி வறுபடுகிற வாசனை. "தம்பி, ஒண்ணு கேட்கிறேன், உண்மையைச் சொல்லு. இந்த வீட்டுல சாப்பிட்டுட்டுப் போயி உங்க காலேஜை ஜெயிச்ச டீம் ஒண்ணாவது உண்டா?" என்றார். நான் யோசித்தேன். பி.யூ.சி. சீட்டையும் யோசித்தேன், மாமா கடை உரமூட்டையையும் யோசித்தேன். 'எனக்குத் தெரியாது சார்' என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தேன். "ஒண்ணும் இல்ல சார். இன்னைக்கு நீங்களும் சாப்பிட்டா ஓட மாட்டீக" என்று வந்துவிட்டது.

அவர் உடனே உள்ளே போனார். பிறகு பையன்களை வரிசையாக நிறுத்தி, பின்வாசல் வழியாக நடத்தி, பஸ் ஏற்றி, காரைக்குடி ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கடையில் ஆளுக்கு இரண்டு பன், ஒரு வாழைப்பழம், அதுதான் சாப்பாடு. இடதுபக்கம் ஆடுகிற பையன் பஸ் ஜன்னலிலிருந்து அந்த வீட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, கூடப் போன என்னிடம் சொன்னான்.

"ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தீகன்னா நாங்க நிம்மதியா சாப்பிட்டுத் தோத்திருப்போம்ல?"

போட்ட இலை

அவர்களை ஸ்டேஷனில் விட்டுவிட்டு நான் திரும்பும்போது இருபது இலை விரித்தாகிவிட்டது. ஓரத்தில் உப்புகூட வைத்தாகிவிட்டது. ஆச்சி முன்னால் போய் நின்று, டீம் சாப்பிட வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டது. வயிறு நிறைந்தால் ஆட முடியாதாம் என்றேன். ஆச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் இலையை எடுக்கச் சொல்லவில்லை. போட்ட இலையை ஆள் உட்காராமல் எடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. நல்ல நாளில் அப்படிச் செய்தால் வீட்டுக்கு ஆகாது. "அப்ப நம்ம பிள்ளைகளை வரச் சொல்லு" என்றது.

வேன் ஹாஸ்டலுக்குப் போய்ப் பையன்களோடு திரும்பியது. மாணிக்கம் சாரும் கூடவே தொற்றிக்கொண்டு ஓடிவந்தார். "ஆச்சி, இன்னைக்கு வேணாம். நாளைக்கு அம்பது பேரா வர்றோம். இன்னைக்குப் பயலுகளுக்குக் கஞ்சிதான் ஒத்துக்கும்" என்று கெஞ்சினார். கப் செட்டியாருடையது. மைதானத்துக்கு நிலம் செட்டியாருடையது. சார் உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் அவர் வாங்கிப்போட்டது. எவ்வளவு தூரம் மறுக்க முடியும்? பையன்களோ மூன்று வருஷமாக அந்த வாசனையை வேனில் ஒட்டிவருகிற அளவுக்கு மட்டும் மோந்தவர்கள். சார் பேசி முடிப்பதற்குள் பணியாரம் இரண்டாம் தடவை வந்துவிட்டது. சென்டர் ஃபார்வர்டு பாயசத்தை மூன்று தடவை வாங்கினான். ஆச்சி ஒவ்வொரு இலை முன்னாலும் நின்று கவனித்தது. கண்ணில் தண்ணீர்.

"மூணு வருசமா ஜெயிச்ச பிள்ளைகளை ஒரு நா கூப்பிட்டு ஒரு வாய் போட்டேனா மாணிக்கம்? நெனைச்சா எனக்கே வெக்கமா இருக்கு, நீங்களாவது ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாதா?"

நேர்காணல்

ஃபைனலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கோல். பன் தின்றவர்கள் போட்டது. நம் சென்டர் ஃபார்வர்டு இடைவேளைக்குப் பிறகு கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான், எதிரணி போஸ்ட்டை. ஆச்சியே வந்து கப்பை எடுத்துக் கொடுத்தது. "நீங்களும் சாப்பிட்டிருக்கலாம்" என்று சவரிமுத்து சாரிடம் வருத்தப்பட்டுக்கொண்டது. கூட்டம் கலைந்ததும் மாணிக்கம் சார், "அவனுகளைச் சாப்பிட வேணாம்னு சொன்னது யாருடா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் பி.யூ.சி. நேர்காணல். பிரின்சிபாலுக்குப் பக்கத்தில் மாணிக்கம் சார் உட்கார்ந்திருந்தார். பிரின்சிபால் நல்ல மனிதர். என் வாலண்டியர் சர்டிபிகேட்டைப் பார்த்து முகம் மலர்ந்து, "பத்து நாள் போட்டியில என்னப்பா கத்துக்கிட்டே?" என்றார். ஒழுக்கம், கட்டுப்பாடு, ஒற்றுமை என்று சொல்ல வேண்டும் என்பது எனக்கும் தெரியும். "ஃபுட்பால்ல உபசரிப்புதான் முக்கியம்னு சார் சொல்லிக்குடுத்தாரு. அது எப்பிடின்னு ஃபைனல் அன்னைக்குத்தான் முழுசாப் புரிஞ்சுச்சு" என்றேன். பிரின்சிபால் ஒன்றும் விளங்காமல் மாணிக்கம் சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் அன்றைக்குக் கையில்கூட வாங்காத என் மார்க் ஷீட்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தார்.

"பையன் நல்ல பையன்தான் சார், மார்க்தான் பத்தலை."

ஆக, உண்மை சொல்லி எனக்கு ஒரு சீட் போயிற்று, சோறு தின்று காலேஜுக்கு ஒரு கப் போயிற்று, அந்த சீசனில் வீணாகாமல் போனது ஆச்சி போட்ட இருபது இலைதான் என்பதை இந்த உரமூட்டை மேல் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.