மூச்சு விடாத புள்ளி

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. என்னிடம் சொன்ன பெண் கதை கட்டுகிறவள் அல்ல. கணக்கும் கணினியுமாகவே வளர்ந்தவள். சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் அவள் ஆய்வு மாணவி. ஆள் குள்ளம் என்பதால் ஆய்வகத்தில் எல்லாருக்கும் அவள் ‘பொடிசு’தான். விருதுகளுக்குப் பேர்போன துறை அது. நடைபாதைச் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள் தொங்கும். அவள் கூடவே ஆய்வு செய்தவர் ஒருவர் இருந்தார். வயதில் மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். வாரத்தில் பாதி நாள் அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவர் மனைவி, அண்ணி, இவளுக்கென்று தனியாக ஒரு தட்டே வைத்திருந்தாள்.

இருவரும் செய்தது ஒரு கருவி. இடிந்த கட்டடத்துக்குள் சிக்கியவர்களைத் தேட உதவுவது. சுவரில் பொருத்தினால், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனிதர் திரையில் ஒரு புள்ளியாகத் தெரிவார். அவர் மூச்சு விட விட, அந்தப் புள்ளியும் விரிந்து சுருங்கும். பெட்டியைச் செய்தது அண்ணன். மூச்சைக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதியது பொடிசு. அதற்கு மட்டும் அவளுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

ஒரு விடுமுறை நாள். நல்ல வெயில். துறையில் ஈ, காக்கா இல்லை. பக்கத்துச் சோதனை அறை காலியாக இருக்கும்போது திரையும் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கருவியை ஓட விட்டாள்.

திரையில் ஒரு புள்ளி.

மூலையில் நின்றது. விரியவில்லை, சுருங்கவில்லை. ஏதோ கோளாறு என்று எழுந்து போய்ச் சோதனை அறையைத் திறந்து பார்த்தாள். யாரும் இல்லை. நடு அறை வரை போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

புள்ளி இப்போது நடு அறையில் இருந்தது. சற்று முன் அவள் நின்ற அதே இடத்தில்...

புள்ளி நகர்ந்தது. மெதுவாக. சுவரை நோக்கி. அவள் ஒட்டி உட்கார்ந்திருந்த சுவரை நோக்கி.

டொக்.

சுவரில் ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை.

புள்ளி மறைந்தது.

அப்பாடா என்று மூச்சு விடப்போனவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கருவிக்குச் சுவரின் அந்தப் பக்கம் மட்டும்தான் தெரியும்.

இந்தப் பக்கம் தெரியாது...

பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். வாசலில் நின்று அண்ணனை போனில் கூப்பிட்டாள். அவர் வந்து சிரித்தார், பையை எடுத்துக் கொடுத்தார், வீட்டுக்கு அழைத்துப் போனார். அண்ணி தலையைத் தடவிவிட்டாள். ஊருக்குப் போய் அம்மாவோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்றார் அண்ணன். வேலை நின்றுவிடக் கூடாதே என்று அவள் கணினியின் கடவுச்சொல்லைக் கேட்டார். கூடப் பிறக்காத குறைதானே. கொடுத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆய்வுக் கட்டுரை வெளியாகிவிட்டது. துறையின் அந்த வருஷத்து விருதும் அறிவித்தாயிற்று. இரண்டிலும் அவர்களுக்கு வழிகாட்டியான பேராசிரியர் பெயரும் அண்ணன் பெயரும் இருந்தன. அவள் பெயர் எங்கேயும் இல்லை. பேராசிரியரிடம் போய் நின்றாள். மனசு சரியில்லாத நேரத்தில் வேலையைப் பற்றிக் கவலைப்படாதே, உனக்கு என்னென்னவோ தெரிகிறதாமே என்று அவர் பரிவோடு சொன்னார்.

யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. நேரே அண்ணனிடம் போனாள்.

“அந்தப் புள்ளியும் உங்க வேலைதானா அண்ணா?”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“நான்தான் வெச்சேன். நீ கொஞ்ச நாள் விலகி இருந்தாப் போதும்னு நெனச்சேன். எனக்குக் குடும்பம் இருக்கு, பொடிசு.”

பேயைவிட அதுதான் அவளைக் கொன்றது. அந்த வீட்டில் தின்ற சோறெல்லாம் நெஞ்சில் வந்து அடைத்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“அதை ஏன் நடக்க வெச்சீங்க?”

“நடக்கவா? நான் ஓட விட்டது, அந்த அறையில நான் நின்னப்ப எடுத்த பழைய பதிவு. ஒரே இடத்துல நிக்கும். மூச்சு விடும். அவ்வளவுதான்.”

“மூச்சு விடல.”

அண்ணன் முகம் வெளிறியது.

விருது விழா வந்தது. மேடையில் பலகைகளால் சின்ன அறை ஒன்றைச் செய்திருந்தார்கள். கருவியை ஓட்டத் தெரிந்தவள் என்பதால் அவளையே கீழே கணினியில் உட்கார வைத்தார்கள். அவமானத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணன் உள்ளே போய்த் தரையில் போட்டிருந்த குறியின்மேல் நின்றார். கதவைச் சாத்தினார்கள்.

பெரிய திரையில் இரண்டு புள்ளிகள்.

உள்ளே இரண்டு பேர் போலிருக்கிறது என்று கூட்டம் கைதட்டியது.

ஒன்று குறியின்மேல். இன்னொன்று அதன் முதுகை ஒட்டி.

பின்னால் நின்றது விரிந்து, சுருங்கி, நிதானமாக மூச்சு விட்டது.

குறியின்மேல் நின்ற புள்ளி...

அசையவே இல்லை.

கதவைத் திறந்தார்கள். அண்ணன் மட்டும் வெளியே வந்தார். சிரித்தபடி விருதை வாங்கிக்கொண்டார்.

அவள் அந்த ஆய்வை விட்டுவிட்டு வேறு ஊரில் வேலைக்குப் போனாள். அந்தக் குடும்பத்தோடு பேச்சு வார்த்தை இல்லை. பல மாதம் கழித்து அண்ணியிடமிருந்து போன் வந்தது. குரல் தணிந்திருந்தது.

“உன்கிட்டப் பேச எனக்கு முகமில்ல, பொடிசு. வேற யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியல. இவர் நல்லாத்தான் இருக்காரு. வேலைக்குப் போறாரு, சிரிக்கிறாரு. நேத்து தூங்கும்போது மூக்குகிட்ட கை வெச்சுப் பார்த்தேன். காத்தே வரல.”

பொடிசு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஆனா மூச்சு விடற சத்தம் கேக்குது” என்றாள் அண்ணி. “அலமாரிப் பக்கத்துலேருந்து.”