பீரங்கிக்கு நேர் பின்னால்

செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்தவர் வீடு மாறினார். சாமான் ஏற்றப் போனேன். கராஜில் சில்லு வைத்த பீரங்கி ஒன்று நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்க்களப் பீரங்கியைப் பார்த்துப் புதிதாகச் செய்ததாம். இப்படி மூன்று சேர்த்திருந்தார். புது ஃப்ளாட்டில் இடமில்லை. இரண்டைக் கொடுத்துவிட்டார், கடைசியானதை அன்று பக்கத்து நகரமான லவாலில் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தவர் மெலிந்த மனிதர். கதைக்கும்போதெல்லாம் பித்தளைக் குழாயைப் உடுத்துக் கிழிந்த பழைய சாரத் துண்டால் துடைத்தபடியே நின்றார்.

“இந்த மனுசனுக்கு விசர், தம்பி. ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்து, இஞ்ச பீரங்கி சேர்க்கிறார்!” என்றார் மனைவி.

எனக்குக் கேட்கக் கூச்சம். ஆனாலும் கேட்டேன். “ஏன் அண்ணை?”

“அங்க ஷெல் எந்தப் பக்கத்தால வருதெண்டு ஒருநாளும் காணேல்லை. இது எங்க பாத்துக்கொண்டு நிக்குதெண்டு எனக்குத் தெரியும்.”

மனைவி உள்ளே போனார்.

பலகை போட்டு, என் திறந்த லொறியில் உருட்டி ஏற்றினோம். பீரங்கியின் வாய் பின்பக்கம் பார்த்தது. நெடுஞ்சாலையில் பின்னால் வந்த கார்கள் அதைக் கண்டதும் பக்கத்துப் பாதைக்கு மாறின. அவருடைய கார் மட்டும் லவால் வரை நேர் பின்னாலேயே வந்தது. அந்த வாயைப் பார்த்தபடி எப்படி அவ்வளவு நிம்மதியாக ஓட்டினார் என்று இன்றும் யோசிக்கிறேன்.